வாரம் ஓர் இதழாக 1839: வேல்ஸின் பழைய பத்திரிகைத் தளம் பற்றி ஒரு மதிப்புரை

வேல்ஸ் தேசிய நூலகம் அபரிஸ்ட்வித் நகரில், கடலைப் பார்த்த ஒரு குன்றின் மேல் இருக்கிறது. அங்கே நேரில் போக வாய்ப்பில்லாத வாசகர்களுக்காக அந்த நூலகம் நடத்தும் 'வெல்ஷ் நியூஸ்பேப்பர்ஸ் ஆன்லைன்' என்னும் இணையச் சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை. 2013இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இத்தளத்தில் 1804 முதல் 1919 வரையிலான வேல்ஸ் பத்திரிகைகளின் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் படமாகவும், தேடத்தக்க எழுத்தாகவும் வைக்கப்பட்டுள்ளன. கட்டணம் இல்லை, பெயரைப் பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. பழைய பத்திரிகைகளைக் காட்டும் வேறொரு கட்டணத் தளத்தில் ஒரு மாதச் சந்தா கட்டிவிட்டு, நாள் முடிவதற்குள் பார்க்க வேண்டிய பக்கங்களை எண்ணிக்கொண்டே படித்த அனுபவம் எனக்கு உண்டு. அப்படிப் படித்தவனுக்கு, கணக்குப் பார்க்காமல் பக்கத்தைப் புரட்டலாம் என்பதே முதல் பெரிய நிம்மதி.

ஒரு தேடுபெட்டியைக் கொடுத்தால் நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: தெரிந்த பெயர் ஒன்றை அதில் தட்டி, வந்து விழும் துணுக்குகளைப் படித்துவிட்டு, ஆவணக்காப்பகத்தைப் பயன்படுத்திவிட்டதாக நினைத்துக்கொள்வது. இத்தளத்தை மதிப்பிட அந்த வழி போதாது என்று தோன்றியதால், தேடுபெட்டியை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, ஜனவரியின் முதல் சனிக்கிழமையிலிருந்து வரிசையாகப் படிப்பது என்று முடிவு செய்தேன். தேர்ந்தெடுத்த ஆண்டு 1839. வேல்ஸின் பொதுவாழ்வில் அதைப்போல் நெருக்கடியான ஆண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதிகம் இல்லை. நடுப்பகுதியில் நெசவாளர்களின் ஊர் ஒன்று சில நாள்கள் அதிகாரிகளின் பிடியிலிருந்து நழுவியது. மேற்கில் விவசாயிகள் பெண் உடை உடுத்திக்கொண்டு சுங்கச்சாவடியை உடைத்தார்கள். தெற்கில் ஒரு கோமகன் கட்டிய கப்பல்துறை திறக்கப்பட்டது. தென்கிழக்கில் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்களும் இரும்பாலைத் தொழிலாளர்களும் இரவெல்லாம் மழையில் நடந்து நியூபோர்ட் நகருக்குள் நுழைந்து, படையினரின் துப்பாக்கிகளுக்கு முன்னால் விழுந்தார்கள். பன்னிரண்டு மாதங்களுக்குள் இத்தனையும் நடந்தன.

நான் படித்தவை இரண்டு வார இதழ்கள். ஒன்று, ஸ்வான்சீயிலிருந்து 1804 முதல் வெளிவந்த 'த கேம்பிரியன்'; வேல்ஸின் முதல் ஆங்கில வார இதழ் அதுவே என்பதால் இத்தளத்தின் காலவரிசையும் அந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது. மற்றொன்று, மான்மத்ஷயர் மாவட்டத்தின் 'மெர்லின்'. இரண்டும் சனிக்கிழமை இதழ்கள். பொதுவாக நான்கு பெரிய பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நெருக்கமான பொடி எழுத்தில் நீண்ட பத்திகள். ஓராண்டுக்கு ஒரு இதழின் பக்கங்கள் ஏறத்தாழ 200 என்றால், இரண்டுக்கும் சேர்த்து 400 பக்கங்கள். ஒரு மனிதர் சில வாரங்களின் மாலைப்பொழுதுகளில் முடித்துவிடக்கூடிய அளவுதான் இது. இதே சோதனையை 1890களில் செய்ய முடியாது. 1861இல் வேல்ஸின் முதல் நாளிதழ் ஸ்வான்சீயில் தொடங்கிய பிறகும், 1869இல் கார்டிஃபில் 'வெஸ்டர்ன் மெயில்' வந்த பிறகும், பக்கங்கள் வெள்ளமாகப் பெருகிவிடுகின்றன.

1839இல் பத்திரிகைகள் இவ்வளவு ஒல்லியாக இருந்ததற்கு வரியே காரணம். ஒவ்வொரு பிரதிக்கும் அரசாங்க முத்திரை வரி கட்ட வேண்டியிருந்தது. 4 பென்னியாக இருந்த அந்த வரி 1836இல்தான் 1 பென்னியாகக் குறைக்கப்பட்டது. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒன்றரை ஷில்லிங் தனி வரி. தாளுக்கும் வரி. அறிவுக்குப் போட்ட வரி என்று அன்றைய சீர்திருத்தவாதிகள் இவற்றைத் திட்டினார்கள். விளைவு எளிது: வாங்கக்கூடியவர் யாரோ அவருக்காகவே செய்தி எழுதப்பட்டது. நிலச்சுவான்தார், வணிகர், வழக்கறிஞர், இரும்பாலை முதலாளி, திருச்சபைக் குரு ஆகியோரே அந்த வாசகர்கள். மெர்லின் இதழை 1829இல் தொடங்கிய ரெஜினால்ட் ப்ளூயிட், 1839இல் மான்மத் நகரத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவே இருந்தார். நியூபோர்ட் அந்தத் தொகுதிக்குள் அடங்கிய ஊர். இந்த ஒரு தகவலை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நவம்பர் மாத இதழ்களைத் திறக்க வேண்டும். தளம் தானாக இதையெல்லாம் உங்கள் காதில் ஓதாது. அது பக்கத்தைக் காட்டும், அவ்வளவுதான்.

முதல் பக்கத்தில் செய்தி இருக்காது. விளம்பரங்களே இருக்கும். முதல் இரண்டு வாரங்கள் அவற்றைத் தாண்டிக்கொண்டு உள்பக்கங்களுக்கு ஓடினேன். பிறகு என் தவறு புரிந்தது. தளம் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, செய்தி, விளம்பரம், குடும்ப அறிவிப்பு, விரிவான பட்டியல் என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறது. தேடலில் விளம்பரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் படிக்கும் வசதியும் இருக்கிறது. அப்படிப் படித்தால் அந்த ஆண்டின் எலும்புக்கூடு தெரிகிறது. தொழுவங்களும் பண்ணைகளும் குத்தகைக்கு. பாய்மரக் கப்பலின் பங்குகள் ஏலத்துக்கு. 1834ஆம் ஆண்டின் புதிய ஏழைகள் சட்டத்தின்படி ஏழைகளைப் பராமரிக்க அமைந்த ஒன்றியங்கள் ரொட்டிக்கும் இறைச்சிக்கும் ஒப்பந்தப்புள்ளி கோரும் அறிவிப்புகள். எல்லா நோயையும் தீர்க்கும் மாத்திரைகள். கேம்பிரியனின் கப்பல் பட்டியல்களைத் தொடர்ந்து பார்த்தால், செப்பு உருக்கும் ஊரான ஸ்வான்சீக்கு கியூபாவிலிருந்தும் சிலியிலிருந்தும் தாது வந்திறங்கிய காலம் அது என்பதை யாரும் விளக்காமலேயே உணர முடியும்.

இவற்றில் என்னை மிகவும் நிறுத்தியவை சுங்கச்சாவடி ஏல அறிவிப்புகள். சாலைகளைப் பராமரிக்க டர்ன்பைக் டிரஸ்ட் என்னும் அமைப்புகள் இருந்தன. அவை சாவடிகளில் பணம் வசூலிக்கும் உரிமையை ஆண்டுதோறும் ஏலம் விட்டன. அந்த ஏலத்தைச் சட்டப்படி முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும். சென்ற ஆண்டு இந்தச் சாவடியில், வசூல் செலவு போக, இவ்வளவு பவுண்டு கிடைத்தது. அந்தத் தொகையிலிருந்து ஏலம் தொடங்கும் என்பதே அறிவிப்பின் வழக்கமான சாரம். ஏலம் எடுத்தவர் கொடுத்த பணத்தையும் அதற்கு மேல் லாபத்தையும் வண்டிக்காரரிடமிருந்துதான் எடுத்தாக வேண்டும். சாலை சரியாக இருக்கிறதா என்பது அவருடைய கவலை அல்ல. இந்த அறிவிப்புகளைப் பத்து முறை வெவ்வேறு ஊர்ப் பெயர்களுடன் படித்த பிறகு, மே மாதம் நடந்தது வியப்பாக இல்லை.

1839 மே 13ஆம் தேதி இரவு, பெம்ப்ரோக்ஷயர் - கார்மார்தன்ஷயர் எல்லையில் உள்ள எவைல்வென் என்னும் சிற்றூரில், விட்லண்ட் டிரஸ்ட் புதிதாக அமைத்த சாவடியை ஒரு கூட்டம் உடைத்தது. அந்தச் சாவடிகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் தாமஸ் புல்லின் என்னும் ஏலக்காரர். அப்பகுதியின் புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு இடாமல் பயிர் இல்லை. சுண்ணாம்பு வண்டியைச் சூளையிலிருந்து வயலுக்கு ஓட்டும் விவசாயி வழியில் ஒவ்வொரு சாவடியிலும் காசு கொடுக்க வேண்டும். பக்கத்து வழிகளில் தப்பிச் செல்பவர்களைப் பிடிக்கவே புதிய சாவடி போடப்பட்டது. திரும்பக் கட்டிய சாவடி ஜூன் 6ஆம் தேதி மீண்டும் உடைந்தது. ஜூலை 17ஆம் தேதி மூன்றாம் முறை. ஆண்கள் பெண்களின் உடையை அணிந்து, முகத்தில் கரி பூசி வந்தார்கள். தலைவருக்கு ரெபேக்கா என்று பெயர். தன்னைப் பகைப்பவர்களின் வாசல்களை ரெபேக்காளின் சந்ததி உரிமையாக்கிக்கொள்ளும் என்று ஆதியாகமத்தில் வரும் வாழ்த்தை, சிற்றாலயங்களில் வேதம் கேட்டு வளர்ந்த அந்த விவசாயிகள் தமக்கேற்ப எடுத்துக்கொண்டார்கள் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். டிரஸ்ட் பணிந்து, புதிய சாவடிகளைக் கைவிட்டது, கலகம் அடங்கியது. 1842ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அது மீண்டும் கிளம்பிப் பல மாவட்டங்களுக்குப் பரவியபோதுதான் நாடே திரும்பிப் பார்த்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அன்றைய பத்திரிகையில் பெரிய தலைப்பெழுத்து என்று ஒன்று கிடையாது. கொள்ளை, திருமணம், கோதுமை விலை, கலகம் யாவும் ஒரே பருமனில், ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும். எது பின்னாளில் வரலாறாகும் என்பது அச்சுக்கோத்தவருக்குத் தெரியாது. கண் நழுவினால் ஒரு நிகழ்ச்சியே நழுவிவிடும். ஆகவே தேடுபெட்டி அப்போது தேவைப்படுகிறது. ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். 180 ஆண்டுக்கு முந்தைய அச்சை இயந்திரம் படித்து எழுத்தாக்கும்போது பிழைகள் தவிர்க்க முடியாதவை: தேய்ந்த அச்செழுத்து, மறுபக்கம் ஊறிய மை, பத்தியின் ஓரத்தில் வளைந்த வரி ஆகியவற்றை எந்த இயந்திரமும் முழுமையாகப் படித்துவிடாது. இதற்குமேல் வெல்ஷ் ஊர்ப்பெயர்களின் சிக்கல் வேறு. மெர்த்தர் டிட்வில் என்னும் பெயரின் இன்றைய எழுத்துக்கூட்டல் அன்றைய ஆங்கில இதழ்களில் இருந்ததல்ல; இன்று 'எஃப்' போடும் இடத்தில் அன்று 'வி' போட்டார்கள். கார்னார்வன் என்னும் ஊருக்கும் அப்படியே. எனவே நீங்கள் அறிந்த எழுத்துக்கூட்டலில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், அந்த ஊரில் ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஊர்ப்பெயரை விட்டுவிட்டு, சாவடி, படை, நீதிபதி போன்ற சாதாரண ஆங்கிலச் சொற்களைத் தேதி வரம்புடன் சேர்த்துத் தேடுவதே நல்ல பலன் தரும். இயந்திரம் படித்த எழுத்தைப் பக்கத்தின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி இரண்டையும் தளம் அருகருகே காட்டுகிறது. எழுத்தை மட்டும் நம்பி மேற்கோள் எடுக்காதீர்கள், படமே ஆவணம்.

வரிசையாகப் படிப்பதன் பயன் மார்ச் மாதத்திலிருந்தே தெரியத் தொடங்குகிறது. ஜான் ஃப்ராஸ்ட் என்னும் துணி வணிகர் நியூபோர்ட் நகரின் முன்னாள் மேயர். நீதிபதிப் பொறுப்பும் வகித்தவர். வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை, இரகசிய வாக்கெடுப்பு, உறுப்பினர் ஆவதற்குச் சொத்துத் தகுதி நீக்கம், உறுப்பினருக்குச் சம்பளம், சமமான தொகுதிகள், ஆண்டுதோறும் நாடாளுமன்றத் தேர்தல் என்ற ஆறு கோரிக்கைகள் கொண்ட மக்கள் சாசனத்தை அவர் ஆதரித்தார். அதற்காகவே உள்துறை அமைச்சர் லார்டு ஜான் ரஸ்ஸல், அந்த மார்ச்சில் அவரை நீதிபதிகள் பட்டியலிலிருந்து நீக்கினார். ஏப்ரல் 30ஆம் தேதி, மான்ட்கோமரிஷயரின் கம்பளி நெசவு ஊரான லானிட்லோயிஸில், லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட 3 காவலர்கள் சாசனவாதிகளைக் கைது செய்து ஒரு விடுதியில் அடைத்து வைக்க, கூட்டம் விடுதியை உடைத்துக் கைதானவர்களை மீட்டது. படை வந்து சேரும் வரை அந்த ஊர் சாசனவாதிகள் கையில் இருந்தது. கோடையில் நடந்த விசாரணையில் பலர் சிறை சென்றார்கள். 3 பேர் நாடுகடத்தப்பட்டார்கள். மே மாதத்தில் சாசன இயக்கத்தின் பேச்சாளர் ஹென்றி வின்சென்ட் கைதாகி, ஆகஸ்டில் தண்டனை பெற்று மான்மத் சிறையில் அடைக்கப்பட்டார். இடையே ஜூலை 12ஆம் தேதி, சாசனத்தை ஏற்கக் கோரி 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவே வேண்டாம் என்று நாடாளுமன்றம் 235க்கு 46 என்ற வாக்குக் கணக்கில் தள்ளிவிட்டது.

பெயரைத் தட்டித் தேடினால் இவை ஐந்து தனித்தனிச் செய்திகளாக விழும். வாரவாரமாகப் படிக்கும்போதோ, ஒவ்வொரு கதவும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்படும் ஓசை கேட்கிறது. மனு போட்டார்கள், மறுக்கப்பட்டது. கூட்டம் போட்டார்கள், பேச்சாளர் சிறையில். இந்த அனுபவத்தைத் தரும் வாய்ப்புதான் இத்தளத்தின் பெருமதிப்பு என்று நான் கருதுகிறேன். முகப்பில் தேடுபெட்டி கண்ணில் படுவதால் பலர் இதைக் கவனிக்காமல் போகலாம். இதழ்ப் பெயரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு, மாதம், தேதி என்று இறங்கும் வழியும் இருக்கிறது. அதையே நான் பரிந்துரைப்பேன்.

அக்டோபர் இதழ்கள் வேறொரு வேல்ஸைக் காட்டுகின்றன. அந்த மாதம் 9ஆம் தேதி கார்டிஃபில் பியூட் கோமகனின் கப்பல்துறை திறக்கப்பட்டது. அதற்குச் செலவான ஏறத்தாழ மூன்றரை லட்சம் பவுண்டையும் கோமகன் தன் சொத்தின் பேரில் ஏற்றுக்கொண்டார். மெர்த்தர் பகுதியின் இரும்பும் பள்ளத்தாக்குகளின் நிலக்கரியும் வெளியேறுவதற்கான வாசல் அது. அந்த நூற்றாண்டின் முடிவில் உலகின் மிகப் பெரிய நிலக்கரித் துறைமுகங்களில் ஒன்றாகப் போகும் ஊர், அன்று ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்த சிறு நகரம். திறப்புவிழாவுக்கும் அடுத்து வந்த துப்பாக்கிச்சூட்டுக்கும் இடையே 26 நாள்கள். ஒரே மலைத்தொடரின் அடிவாரத்தில், ஒரே இரும்பையும் கரியையும் சுற்றி நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் இவை. வரலாற்று நூல்கள் இவ்விரண்டையும் பொருளாதாரம் என்றும் அரசியல் என்றும் வெவ்வேறு இயல்களில் வைக்கும். பத்திரிகைக் கட்டில் நான்கு இதழ் புரட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வந்துவிடலாம்.

நவம்பர் 9, சனிக்கிழமை. இந்தத் தேதியிட்ட மெர்லின் இதழுக்காகவே பலர் இத்தளத்துக்கு வருகிறார்கள். கேம்பிரியனின் அதே தேதி இதழையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நடந்தது சுருக்கமாக இது. நவம்பர் 3ஆம் தேதி ஞாயிறு இரவு, மான்மத்ஷயரின் பள்ளத்தாக்குகளிலிருந்து மூன்று அணிகள் புறப்பட்டன. பிளாக்வுட் பக்கத்திலிருந்து ஃப்ராஸ்ட். நான்டிக்லோ, எப்பு வேல் பக்கத்திலிருந்து சாராய விடுதி நடத்திவந்த செஃபனையா வில்லியம்ஸ். பான்டிபூலிலிருந்து கடிகாரம் பழுதுபார்க்கும் வில்லியம் ஜோன்ஸ். இரவோடிரவாக நியூபோர்ட்டை அடைவது திட்டம். கொட்டிய மழையில் அணிகள் ஒன்றுக்கொன்று காத்திருந்து, திங்கள் காலை 9 மணி அளவில்தான் நகருக்குள் இறங்கின. ஜோன்ஸின் அணி வந்து சேரவே இல்லை. நகர மேயர் தாமஸ் ஃபிலிப்ஸ், கைது செய்த சிலரை வெஸ்ட்கேட் விடுதியில் அடைத்து, சிறப்புக் காவலர்களையும் 45ஆம் காலாட்படைப் பிரிவின் ஏறத்தாழ 30 வீரர்களையும் அங்கே நிறுத்தியிருந்தார். கைதிகளை விடச் சொல்லிக் கூட்டம் விடுதியை நெருங்கியது. மோதல் தொடங்கியதும் சன்னல் கதவுகள் திறந்து வீரர்கள் சுட்டார்கள். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குறைந்தது 22 பேர் இறந்தார்கள். அவர்களில் 10 பேரின் உடல்கள் சில நாள்களுக்குப் பிறகு, இரவில், செயின்ட் வூலோஸ் தேவாலயத்தின் வளாகத்தில் அடையாளம் இல்லாத குழிகளில் புதைக்கப்பட்டன. காயமடைந்த மேயருக்கு அந்த ஆண்டு முடிவதற்குள் சர் பட்டம் கிடைத்தது.

திங்கட்கிழமை நடந்ததைச் சனிக்கிழமைதான் இதழ் சொல்ல முடியும். அந்த ஐந்து நாள்களின் வதந்தியும் அச்சமும் பத்திகளுக்குள் அப்படியே உறைந்திருக்கின்றன என்பதே இவற்றைப் படிப்பதன் சிறப்பு. சாட்சியங்கள் கிடைத்த வரிசையிலேயே அச்சாகியுள்ளன. அடுத்த வாரம் ஒன்று மற்றொன்றைத் திருத்துகிறது. நகரத்தை மீட்ட வீரம், மேயரின் துணிவு, படையின் கட்டுப்பாடு ஆகியவை தாராளமாக இடம் பெறுகின்றன. ஆயிரக்கணக்கானவர்கள் ஏன் மழையில் 15, 20 மைல் நடந்தார்கள் என்ற கேள்விக்கு அந்த அளவு இடம் இல்லை. பேராசை கொண்ட தலைவர்கள் ஏமாற்றி அழைத்துவந்த அறியாத கூட்டம் என்பதே இத்தகைய இதழ்களின் வழக்கமான விடை. 1831இலேயே சட்டம் தடை செய்த பிறகும் கம்பெனிக் கடையில்தான் பொருள் வாங்க வேண்டியிருந்த ஊர்கள், இரும்பு விலை இறங்கும்போதெல்லாம் இறங்கும் கூலி ஆகியவற்றைப் பற்றி அந்த மனிதர்கள் தாமே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இந்தப் பக்கங்களில் அரிது. வழக்கு மன்றத்தில் சாட்சி சொன்னபோது மட்டும் அவர்களுடைய குரல் கேட்கிறது, அதுவும் வழக்கறிஞர் கேட்ட கேள்விக்கு விடையாக.

குரல் கேட்காததற்கு மொழியும் ஒரு காரணம். மலைப்பகுதித் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வெல்ஷ் பேசியவர்கள். கூட்டங்களில் பேச்சும் விடுதிகளில் வாதமும் பெருமளவு வெல்ஷ் மொழியில் நடந்தவை. ஆனால் 1839இல் வெல்ஷ் மொழிக்கு நிலைத்து நின்ற வாரப் பத்திரிகை இல்லை. 1814இல் ஸ்வான்சீயில் தொடங்கிய 'செரன் கோமர்', முத்திரை வரியையும் விளம்பரப் பற்றாக்குறையையும் தாங்க முடியாமல் 1815லேயே வார இதழாக நின்றுபோய், பிறகு சஞ்சிகையாகவே உயிர்பெற்றது. 'இர் அம்செராய்' என்ற இதழ் 1843இல்தான் தொடங்கியது. மெர்த்தரில் சாசனவாதிகளின் வெல்ஷ் இதழான 'இட்கோர்ன் கம்ரி' 1840இல், அதாவது துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு, வந்தது. ஆகவே தளத்தின் மொழி வடிகட்டியில் வெல்ஷ் என்று தேர்ந்தெடுத்து 1839க்குள் தேடினால், அந்த நாட்டின் பெரும்பான்மையினரின் மொழி அந்த ஆண்டில் எவ்வளவு ஒடுங்கிக் கிடந்தது என்பது திரையிலேயே தெரியும். இதைத் தளத்தின் குறை என்று சொல்வது நியாயமாகாது. இல்லாத இதழை எந்த நூலகமும் படமெடுக்க முடியாது. மாத இதழ்களுக்கென்று அதே நூலகம் தனியாக ஓர் இலவசத் தளம் வைத்திருக்கிறது; வெல்ஷ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். எனக்கு வெல்ஷ் தெரியாது. இந்த மதிப்புரையின் எல்லையும் அதுவே.

பயன்பாட்டைப் பற்றிச் சில சொற்கள். தளம் முழுவதும் வெல்ஷ், ஆங்கிலம் என இரு மொழிகளிலும் இயங்குகிறது. தேதி, இதழ், வட்டாரம், மொழி, வகை என்று முடிவுகளைச் சுருக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் மாறாத இணைப்பு உண்டு என்பதால் குறித்துவைத்த இடத்துக்குத் திரும்புவது எளிது. கைபேசியில் படிக்க முயன்று கண் வலித்ததுதான் மிச்சம். அது தளத்தின் பிழையல்ல, மேசைமேல் விரித்துப் படிக்க அச்சிட்ட தாளை உள்ளங்கையில் சுருக்கினால் வேறென்ன ஆகும்? பெரிய திரை வேண்டும், பக்கத்தில் ஒரு குறிப்பேடு வேண்டும், மான்மத்ஷயரின் வரைபடம் ஒன்றும் இருந்தால் நல்லது. ஆங்கிலத்தில் பழகியவர்களுக்கே அன்றைய வாக்கியங்கள் மூச்சு முட்டும். இருந்தாலும் ஒரு மாத இதழ்களைக் கடந்தபின் அந்த நடை கைக்கு வந்துவிடுகிறது. 1919க்குப் பிறகான இதழ்களைத் தேடுபவர்களுக்கு இத்தளம் உதவாது. வேல்ஸில் வாழ்ந்த முன்னோர் ஒருவரின் திருமண அறிவிப்பை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டு வெளியேற நினைப்பவர்களுக்கு இது நன்கு உதவலாம், கைவிடவும் செய்யலாம். பெயரின் எழுத்து இயந்திரத்தின் கண்ணுக்கு எப்படிப் பட்டது என்பதைப் பொறுத்தது அது. வரலாற்று மாணவர்களுக்கும், தொழிலாளர் இயக்கங்களைப் பற்றி எழுதுபவர்களுக்கும், பத்திரிகைத் துறையில் இருப்பவர்களுக்கும் தயக்கமில்லாமல் பரிந்துரைக்கிறேன். கடைசியில் சொன்னவர்களுக்குக் குறிப்பாக: ஒரு வன்முறை நிகழ்ந்த வாரத்தில், தன் வாசகர் யார் என்று தெரிந்த பத்திரிகை எப்படி எழுதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடப்பொருள் எளிதில் அகப்படாது.

ஓராண்டை மட்டும் படிப்பது என்ற என் திட்டம் டிசம்பர் 28 இதழோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தேசத்துரோக வழக்கை விசாரிக்கச் சிறப்பு நீதிமன்றம் டிசம்பர் 10ஆம் தேதியே மான்மத் நகரில் கூடியிருந்தாலும், ஃப்ராஸ்டின் மீதான விசாரணை ஆண்டின் கடைசி நாளில்தான் தொடங்கியது. எனவே 1840இன் சில இதழ்களையும் திறக்க வேண்டியதாயிற்று. தலைமை நீதிபதி டின்டலின் தொகுப்புரை கைதிக்குச் சாதகமாகவே இருந்தும், நடுவர் குழு ஃப்ராஸ்டைக் குற்றவாளி என்றது. கருணை காட்டுமாறும் கேட்டுக்கொண்டது. ஜனவரி 16ஆம் தேதி மூவருக்கும், தூக்கிலிட்டுத் தலையைத் துண்டித்து உடலை நான்காகக் கூறுபோடும் தண்டனை வாசிக்கப்பட்டது. பிப்ரவரி 1ஆம் தேதி அது வாழ்நாள் நாடுகடத்தலாக மாற்றப்பட்டு, 'மாண்டரின்' என்னும் கப்பல் அவர்களை வான் டீமன்ஸ் லாண்டுக்கு, இன்றைய டாஸ்மேனியாவுக்கு, கொண்டுசென்றது. 1856இல் முழு மன்னிப்புப் பெற்று ஃப்ராஸ்ட் திரும்பியதையும் இதே தளத்தில் தேடலாம். அதற்கு முந்தைய ஆண்டுதான் முத்திரை வரி கட்டாயம் நீங்கியிருந்தது, பத்திரிகைகளும் பெருகத் தொடங்கியிருந்தன. அந்த முனையை நான் இன்னும் தொடவில்லை. இப்போது 1843இன் ஜனவரி இதழ்களைத் திறந்து வைத்திருக்கிறேன். சுங்கச்சாவடிகள் மறுபடியும் உடையத் தொடங்கியிருக்கின்றன.